முகம் மறைத்த படம்

அனலைதீவில் ஒருவரை அடையாளம் காண முகம் தேவையில்லை. நடை போதும். சாரம் கட்டியிருக்கும் விதம் போதும். வேலிக்கு அப்பால் நின்று இருமினால் அதுவும் போதும். கையில் ஒரு மோட்டார் சைக்கிளும் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். அது ஒழுங்கைக்குள் திரும்புமுன்பே குசினிக்குள் நிற்கிறவர் வருவது யார், எங்கே போய்விட்டு வருகிறார் என்று சொல்லிவிடுவார். இப்படிப்பட்ட ஊரில், முகத்தை மட்டும் மறைத்து ஒரு படத்தைப் போட்டுவிட்டு, தாங்கள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்று நம்பியவர்களின் கதை இது.

அவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஊர்காவற்றுறையில் நடந்த பயிற்சிக்கு ஒழுங்காகப் போய், மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலுக்குப் பிறகும் தூங்காமல் கேட்டுவிட்டு வந்தவர்கள். 'சமூக ஊடகங்கள் ஊடாகக் குற்றத் தடுப்பு: இளையோர் வலையமைப்பு' என்று மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை கட்டியிருந்தது. பெயர் போடக்கூடாது, முகத்தை மறைக்கவேண்டும், மறைக்காத படத்தை வைத்திருக்கவும் கூடாது, தகவல் தருகிறவரைக் காப்பாற்றவேண்டும் என்று கொழும்பிலிருந்து வந்தவர் திரையில் காட்டிக் காட்டிச் சொன்னார். இவர்கள் அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஊருக்குத் தகுந்த மாதிரி அதை யோசித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பயிற்சியென்றால் பயிற்சிதானே.

பிரியவதனி தீவிலேயே அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை பார்க்கிறவள். வலையமைப்பைத் தொடங்கியவளும் அவள்தான். 'அனலை விழிகள்' என்று வட்ஸ்அப்பில் ஒரு குழு, பேஸ்புக்கில் ஒரு பக்கம். குழுவுக்குள் முதலில் பொடியள் வந்தார்கள். பிறகு பொடியளின் மாமாமார் வந்தார்கள். பிறகு கனடாவும் சுவிசும் பிரான்சும் வந்தன. கடைசியில் ஊரில் இருக்கிறவர்களைவிட ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் கூடிப்போனார்கள். பக்கத்தின் மேலே அவள் தன் கையால் ஒரு வரி எழுதி வைத்திருந்தாள்: 'தகவல் தருபவரின் பெயர் எக்காரணம் கொண்டும் வெளிவராது.'

நன்மை இல்லாமல் இல்லை. பரிசு விழுந்திருக்கிறது என்று போனில் ஏமாற்றிய ஒருவனின் குரலைப் பதிந்து போட்டதில் பல கிழவிகள் தப்பினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளையொன்றைப் படத்தை வைத்து வெருட்டிக்கொண்டிருந்தவனை, அந்தப் பிள்ளையின் பெயர் ஒரு செவிக்கும் எட்டாமல் பிரியவதனி பொலிசில் பிடித்துக் கொடுத்தாள். அந்தப் பிள்ளையின் தாய்க்குக்கூட இன்றுவரை முழுதாகத் தெரியாது. பிரியவதனியிடம் கதை போனால் கிணற்றில் போட்ட கல் என்று அப்போதிருந்துதான் பேர் வந்தது.

டிலான் அவளுக்கு எழுதியதும் அந்தப் பேரை நம்பித்தான். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு வகுப்புக் கீழே படித்தவன். தகப்பன் இல்லை. தாய் யோகம்மாவோடு இருந்துகொண்டு கடற்றொழில் செய்கிறான். உதைபந்தாட்டப் போட்டியில் நடுவருக்குக் கை ஓங்கியவன், கள்ளுத் தவறணையில் வாங்குப் பலகையை உடைத்தவன் என்று ஊரில் இரண்டு பழைய கணக்கு அவன் பெயரில் உண்டு. ஒருநாள் பக்கத்தின் உள்பெட்டியில் அவனிடமிருந்து ஒரு வரி வந்தது.

"மேலை எழுதிப்போட்டிருக்கிறது மெய்யோ?"

"எது?"

"பேர் வராது எண்டது."

"மெய்."

அடுத்த நாள் மண்ணெண்ணெய் மானியம் விசாரிக்கிறவன்போல அவளுடைய கந்தோருக்கு வந்தான். மற்றவர்கள் தேத்தண்ணிக்கு எழும்பியதும் கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டுக்கொண்டு சொன்னான்.

"மேற்கை மணல்திட்டிலை கஞ்சாப் பொதி இறக்கினம். கருவாட்டுச் சாக்குக்குள்ளை வேறை சாமானும் வருது. ரெண்டுதரம் கண்டிட்டன். எடுக்க வாறவங்களையும் தெரியும்."

"பயமில்லையோ?"

"பயமாத்தான் கிடக்கு. மிதுஷன் செத்தது நெஞ்சுவலியாலை எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். அவன் என்ரை படகிலை தொழிலுக்கு வந்தவன். அது எந்தச் சாமானாலை வந்த நெஞ்சுவலி எண்டு எனக்குத் தெரியும்."

அவன் கதிரையைப் பழைய இடத்தில் விட்டுவிட்டு எழும்பினான்.

பயிற்சிக்கு வந்திருந்த அதிகாரி ஒருவரின் இலக்கம் அவளிடம் இருந்தது. அவர் போனில் கதைக்கமாட்டேன் என்றார். ஆளை நேரில் கொண்டுவாருங்கள், வரைபடத்தில் இடத்தைக் காட்டவேண்டும் என்றார். ஆகவே தை மாதத்து வியாழன் ஒன்றில் இருவரும் யாழ்ப்பாணம் போனார்கள். சேர்ந்து போகவில்லை. அவள் எல்லோருக்கும் தெரியக் காலைப் படகில், கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் விடியுமுன்பே தொழிலுக்குப் போகிறவன்போலத் தன் படகை எடுத்து, ஊர்காவற்றுறைத் துறைக்குப் போகாமல், புளியங்கூடலுக்குக் கிட்ட ஒரு ஒதுக்குக் கரையில் விட்டுவிட்டு பஸ் ஏறினான். அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அடுத்த முறை அவங்கள் வரேக்கை பிடிப்பம். அதுவரைக்கும் ரெண்டு பேரும் மூச்சுக் காட்டக்கூடாது," என்றார். பொழுதுபட அவன் தன் வழியாலும் அவள் தன் வழியாலும் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள்.

இனி இறங்குதுறையைப் பற்றிச் சொல்லவேண்டும். வெளியூர் போகிறவர்களும் கடலுக்குப் போகிறவர்களும் தங்கள் மோட்டார் சைக்கிளைத் துறையடியில்தான் விட்டுவிட்டுப் போவார்கள். திறப்பும் பூட்டிலேயே கிடக்கும். படகால் இறங்கியவருக்கு அவசரமென்றால், கையில் பொதி கனமென்றால், கிடக்கிறதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டு, சொந்தக்காரன் திரும்புமுன் கொண்டுவந்து விட்டுவிடுவார். கேட்கிற வழக்கம் இல்லை. கொஞ்சம் பெற்றோல் விட்டுவைத்தால் நல்ல மனிதர், விடாவிட்டால் கஞ்சன், அவ்வளவுதான். டிலானின் மோட்டார் சைக்கிளுக்குத்தான் கிராக்கி. ஒரே உதையில் கிளம்பும். படகுக்குப் பூசி மிஞ்சிய பச்சையையும் மஞ்சளையும் அவன் அதற்கும் பூசியிருந்தபடியால் தூரத்திலேயே தெரியும். பிரியவதனியும் மழை நாளில் அதில் வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

அதே வியாழக்கிழமை பின்னேரம் ஆழ்வாப்பிள்ளையின் புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டர் களவு போனது. தோட்டங்களில் மோட்டர் போவது அந்தப் போகத்தில் அது முதல் தடவை அல்ல. புகையிலைக்கு இறைப்புத் தவறினால் இலை சுருண்டுவிடும், பிறகு அழுதும் பிரயோசனமில்லை. ஆழ்வாப்பிள்ளை வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டு நின்றார். அவரைக் குறைசொல்ல ஏலாது.

அடுத்த நாள் 'அனலை விழிகள்' பக்கத்தில் ஒரு படம் வந்தது. போட்டவன் றஜீபன். சந்தியில் போன் திருத்துகிற கடை வைத்திருப்பவன், வலையமைப்பில் படத்துக்குப் பொறுப்பானவன். முகில் மூடி மங்கிய பின்னேரம் யாரோ ஒருவர் மோட்டார் சைக்கிளில் போகிறார்; முன்னால் ஒரு சாக்கு மூட்டை; சாக்கின் வாயால் மோட்டரின் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. முகம் இருந்த இடத்தில் மங்கலான ஒரு வட்டம். கீழே, 'நாம் சட்டத்தை மதிப்பவர்கள். எனவே முகத்தை மறைத்துள்ளோம்.'

மோட்டார் சைக்கிள் பச்சை. அதில் மஞ்சள் கோடு.

முதல் கருத்து ரொறன்ரோவிலிருந்து வந்தது. "உது யோகம்மாவின்ரை பெடியன்ரை எல்லோ." அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு எழுத வேறு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை; கோபச் சின்னத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

பிரியவதனி படத்தின் கீழே போட்டிருந்த திகதியையும் நேரத்தையும் பார்த்தாள். அந்த நேரத்தில் டிலான் யாழ்ப்பாணத்தில் அவளுக்கு முன்னால் இருந்து வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் குழுவில் எழுதினாள்: 'அந்த வாகனம் இறங்குதுறையில் நின்றது. திறப்பும் அதிலேயே இருந்தது. யாரும் எடுத்திருக்கலாம். எடுத்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.'

ஒருவரும் சொல்லவில்லை. அது மட்டுமல்ல, தாங்கள் அந்த மோட்டார் சைக்கிளை எந்தக் காலத்திலும் தொட்டதேயில்லை என்று ஆளாளுக்கு எழுதத் தொடங்கினார்கள். போன கிழமை அதில் சீமெந்துப் பை ஏற்றிப் போனவர் எழுதினார். தாயை மருந்தெடுக்கக் கொண்டுபோனவரும் எழுதினார். பொதுச் சொத்துப்போல ஓடித்திரிந்த வாகனம் ஒரே பின்னேரத்தில் தனியார் சொத்தாகிவிட்டது. பயம் வந்தால் மனிதருக்கு ஞாபகம் போய்விடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அவள் றஜீபனின் கடைக்குப் போனாள்.

"முகம் மறைக்காத படம் எங்கை?"

"அழிச்சுப்போட்டன் அக்கா. வைச்சிருக்கக்கூடாது எண்டுதானே பயிற்சியிலை சொன்னவை."

"நீ முகத்தைப் பாத்தனிதானே? அது டிலானோ?"

"இருட்டு அக்கா. வடிவாத் தெரியேல்லை." அவன் கையிலிருந்த போனின் பின்மூடியைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தான். ஏற்கெனவே கழன்றிருந்த மூடி அது.

மிச்சத்தைக் கடற்கரை பார்த்துக்கொண்டது. வியாழக்கிழமை டிலானின் படகைத் தொழிலில் கண்டவர் ஒருவரும் இல்லை. மீன் இறக்கவும் இல்லை. படகு எங்கே போனது? மோட்டரை ஏற்றிக்கொண்டு அக்கரைக்கு விற்கப் போனது. கணக்குச் சரியாக வந்துவிட்டது. கணக்குச் சரியாக வந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு அதற்குமேல் யோசிக்கப் பிடிக்காது. கடற்றொழிலாளர் சங்கம் கூடி, விசாரணை முடியும்வரை அவன் தொழிலுக்குப் போகக்கூடாது என்று படகைக் கரையில் இழுத்து வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாசிகசாலையில் விசாரணை, அதைப் பக்கத்தில் நேரலையாகப் போடுவது என்று வலையமைப்பின் பொடியள் முடிவெடுத்தார்கள். பிரியவதனி வேண்டாம் என்றாள். வெளிநாட்டிலிருந்து எல்லோரும் கேட்கிறார்கள் அக்கா என்றார்கள்.

சனிக்கிழமை அவள் கரைக்குப் போனாள். இழுத்து வைத்த படகின் நிழலில் டிலான் வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். கன்னத்தில் ஒரு வீக்கம் இருந்தது. யாரோ கை வைத்திருந்தார்கள்.

"நான் சொல்லப்போறன்," என்றாள். "அண்டைக்கு எங்கை நிண்டனீர் எண்டு."

"சொன்னால் ஏன் போனனான் எண்டு கேப்பினம்."

"கேக்கட்டும்."

"நேரலையிலை எல்லே நடக்கப்போகுது. அதை ஆர் ஆர் பாப்பினம் எண்டு உமக்குத் தெரியுமோ?" அவன் ஊசியை வலையில் குத்தி வைத்தான். "மோட்டர்க் கள்ளன் எண்டால் ரெண்டு அடி விழும். அம்மா நாலு நாள் அழுவா. மற்றது எண்டு தெரிஞ்சால் நான் ஒருநாள் தொழிலுக்குப் போவன், படகு மட்டும்தான் திரும்பி வரும்."

அவள் வலையின் மறுமுனையைக் கையில் எடுத்தாள்.

"பேர் வராது எண்டு எழுதினது நீர்தானே," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளை வருத்தியது.

அவள் அன்று முழுவதும் ஒன்றும் சாப்பிடவில்லை. தன் வரி ஒன்றை நம்பி வந்த மனிதனைத் தன் பக்கமே கள்ளனாக்கிவிட்டது. அவனைக் காப்பாற்ற வாய் திறந்தால் அவன் உயிருக்கு ஆபத்து. திறக்காவிட்டால் அவன் மானம் போகும், அடியும் விழும், இனித் தொழிலும் இல்லை. எந்தப் பயிற்சியிலும் இதற்கு ஒரு வழியைத் திரையில் காட்டவில்லை.

இன்னொரு விசயமும் இருந்தது. சுவிசில் இருக்கும் தயாபரன் என்பவரைத் தாய் இராசமணி அவளுக்குப் பேசி, சாதகமும் பொருந்தி, ஆவணியில் கலியாண எழுத்து என்று நிச்சயமாகியிருந்தது. பேசிச் செய்கிற கலியாணம் என்றாலும் அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. வேலைக்குப் போகிற ரெயினில் இருந்து அவன் குரல் பதிந்து அனுப்புவான். பனி கொட்டுகிற நாளில் கறிவேப்பிலைக் கன்றைப் போர்வையால் சுற்றி வைத்த கதையை அவன் சொன்னபோது அவள் தனியே இருந்து சிரித்திருக்கிறாள். 'அனலை விழிகள்' பக்கத்தை அவனும் பார்க்கிறான். அவனுடைய அக்காமார் இரண்டு பேரும் அவனைவிடக் கூடப் பார்க்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலை நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் டிலான். அவனுக்கு முன்னால் றஜீபன் போனைத் தாங்கியில் பூட்டி வைத்திருந்தான். அதன் மூலையில் பார்க்கிறவர்களின் தொகை ஏறிக்கொண்டே போனது. யோகம்மா வெளியே மதிலோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

ஆழ்வாப்பிள்ளை தொடங்கினார். "தம்பி, நான் ஒண்டும் கேக்கேல்லை. மோட்டரைத் தா. இலை எல்லாம் வாடுது."

"நான் எடுக்கேல்லை அண்ணை."

"அப்ப வியாழக்கிழமை எங்கை நிண்டனீ? கடலிலை நிண்டனியோ?"

"இல்லை."

"ஊரிலை நிண்டனியோ?"

டிலான் முன்னால் இருந்த போனைப் பார்த்தான். பின்னால் நின்ற ஒருவன் அவனுடைய கதிரையைக் காலால் இடித்தான். இன்னொருவன் கயிறு என்ற சொல்லைச் சொன்னான். முதலில் பகிடியாகச் சொன்னதுபோலத்தான் இருந்தது. இரண்டாந்தரம் சொன்னபோது பகிடி இல்லை.

பிரியவதனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள். போனைப் பார்த்தே சொன்னாள்.

"வியாழக்கிழமை டிலான் என்னோடை யாழ்ப்பாணத்திலை நிண்டவர்."

வாசலில் நின்றவர்கள் உள்ளே நெருக்கிக்கொண்டு வந்தார்கள்.

"காலமை துவங்கிப் பின்னேரம் வரைக்கும் நிண்டவர்," என்றாள். "ஒரு படகிலை போனால் ஊர் கதைக்கும் எண்டு அவர் தன்ரை படகிலை வந்தவர். மோட்டச்சைக்கிள் துறையடியிலைதான் நிண்டது. ஆர் எடுத்ததெண்டு எங்கள் ரெண்டுபேருக்கும் தெரியாது."

"என்னத்துக்குப் பிள்ளை போனனீங்கள்?" ஆழ்வாப்பிள்ளை மெய்யாகவே விளங்காமல் கேட்டார்.

அவள் தலை குனிந்தாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி, "உதையும் வாய்விட்டுக் கேக்கவேணுமே," என்றாள். யாரோ சிரித்தார்கள். டிலான் நிமிர்ந்து அவளைப் பார்த்த பார்வையில் திகைப்புத்தான் இருந்தது; ஊர் அதையும் வேறு விதமாக எடுத்துக்கொண்டது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது என்பார்கள். அவள் மூடப் பார்க்கவில்லை. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவலைக் கொடுத்தாள். அதற்குப் பிறகு மோட்டர் என்ற சொல்லே அந்த மண்டபத்தில் எழவில்லை. நேற்றுவரை டிலானை எங்கேயும் காணாத சனம் இப்போது கண்டது. ஒருவர் இருவரையும் பஸ் நிலையத்தில் கண்டாராம். இன்னொருத்தி நல்லூர் வீதியில் ஐஸ்கிறீம் குடிக்கக் கண்டாளாம். அவர்கள் ஐஸ்கிறீம் கடைப் பக்கமே போகவில்லை. போன வருடமே தனக்குத் தெரியும் என்று பாரிசிலிருந்து ஒருவர் எழுதினார். இத்தனை சாட்சி வந்தபிறகு அவனைக் கள்ளன் என்று எப்படிச் சொல்வது? திங்கட்கிழமை படகைத் திரும்பக் கடலில் இறக்கிவிட்டார்கள்.

இராசமணி மகளை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. கோப்பையில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். தயாபரனின் மூத்த அக்கா போன் எடுத்து, இனி இதைப் பற்றிக் கதைக்கவேண்டாம் என்று மரியாதையாகவே சொல்லி வைத்தாள். தயாபரன் ஒன்றே ஒன்று எழுதினான்: 'எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே.' பிரியவதனி அதற்கு நாலைந்து தரம் பதில் எழுதினாள். எழுதி எழுதி அழித்தாள். உண்மையை ஒருவருக்கு எழுதினால் ஒருவரோடு நிற்காது. அதுவும் போனுக்குள் போனால் நிற்கவே நிற்காது. இது வேறு யாரையும்விட அவளுக்குத் தெரியும். கடைசியில் 'மன்னிக்கவும்' என்று மட்டும் அனுப்பிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

அந்தக் கிழமை முடியுமுன் றஜீபன் கந்தோர் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, அந்தப் படத்திலை இருந்தது என்ரை அத்தான்."

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"நீ முகத்தை மறைச்ச வடிவிலை தெரியும். போட்ட மற்றப் படங்களிலை எல்லாம் அரைகுறையாத்தானே மறைச்சனீ."

அவன் அழுதான். மோட்டார் சைக்கிள் துறையடியில் நின்றதாம், அத்தான் எடுத்தாராம், களவு போன சாமானோடு கடையைத் தாண்டிப் போனவரை இவன் யாரென்று தெரியாமல் படம் எடுத்தானாம். பிறகு பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்ததாம். அதற்குள் படம் எடுத்த கதையைச் சந்தியில் நாலு பேருக்குச் சொல்லிவிட்டான், போடாமல் விட ஏலவில்லை. முகத்தை மறைக்கலாம் என்ற விதி அந்த நேரத்தில் கடவுள் கொடுத்ததுபோல இருந்ததாம். மோட்டார் சைக்கிளை மறைக்கவேண்டுமென்று அவனுக்குத் தோன்றவில்லை. அல்லது தோன்றியும் விட்டுவிட்டான். அவள் அதைக் கேட்கவில்லை.

"எடுத்த மோட்டர் எல்லாத்தையும் கொண்டுவந்து கோயில் கிணத்தடியிலை வைக்கச் சொல்லு. வைக்காட்டி நான் பொலிசுக்குப் போவன்," என்றாள். "உன்னைக் குழுவிலை இருந்து எடுக்கிறன். ஏனெண்டு கேட்டால் கடையிலை வேலை கூடிப்போச்செண்டு சொல்லு."

மோட்டர்கள் வந்தன. ஆழ்வாப்பிள்ளை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். இலையில் பாதிதான் தப்பியது.

பங்குனி நடுவில் மணல்திட்டில் கடற்படை சுற்றிவளைத்துப் பொதிகளையும் இரண்டு படகுகளையும் பிடித்தது. பிடிபட்டவர்களின் படம் எல்லாச் செய்தியிலும் வந்தது. அவள் பக்கத்தில் இரண்டே வரி போட்டாள்: செய்தி, அதற்குக் கீழே 'தகவல் தந்தவருக்கு நன்றி'. வாழ்த்துகள் குவிந்தன. அவற்றுக்கு நடுவில் ஒருவர் கேட்டிருந்தார், அட்மின் அக்காவுக்கு எப்ப கலியாணம் என்று. டிலான் அந்தச் செய்திக்கு விருப்பம்கூடப் போடவில்லை. போடக்கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஒருநாள் ஊர்காவற்றுறையிலிருந்து பின்னேரப் படகில் அவள் வந்துகொண்டிருந்தாள். படகில் ஊருக்குப் புதிய முகங்கள் இரண்டு இருந்தன. நண்டு எடுக்கிற வியாபாரிகள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஆனால் நண்டு என்ன விலை என்று ஒருவரிடமும் அவர்கள் விசாரிக்கவில்லை. இறங்கியதும் துறையடியில் தம்பு அண்ணையின் தேத்தண்ணிக் கடைக்குள் போய் இருந்தார்கள். பிரியவதனி கடை ஓரமாக நின்று குடையை மடக்குவதுபோல நின்றாள்.

"இந்த ஊரிலை பச்சையும் மஞ்சளும் பூசின படகு ஆற்றை அண்ணை?" என்று ஒருவன் கேட்டான்.

"எங்கடை டிலான்ரை."

"தை மாதம் ஒருநாள் அது புளியங்கூடல் கரையிலை தனிய நிண்டதாம். அங்கை என்ன தொழில்?"

அவள் குடையை இறுக்கிப் பிடித்தாள். குடைக் கம்பி உள்ளங்கையில் ஏறியதும் தெரியவில்லை. தம்பு அண்ணை மட்டும் தேத்தண்ணியை ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"அதோ! அது பெரிய கதை தம்பி. தொழிலும் இல்லை மண்ணும் இல்லை. அவன் அண்டைக்குப் பெட்டையோடை யாழ்ப்பாணம் சுத்தப் போனவன். ஒளிச்சுப் போனதாலை ஊர் அவனை மோட்டர்க் கள்ளன் எண்டு பிடிச்சு, பேந்து அந்தப் பிள்ளையே வந்து நேரலையிலை சொல்லி விடுவிச்சது. பேஸ்புக்கிலை பாருங்கோ, இப்பவும் கிடக்கும்." பிறகு பஸ் நிலையம், நல்லூர் வீதி, ஐஸ்கிறீம் என்று அவர் ஒன்றும் விடாமல் சொன்னார். தான் கேள்விப்படாத சிலதையும் சேர்த்துக்கொண்டார்.

ஒருவன் போனை எடுத்துப் பார்த்தான். மற்றவனும் எட்டிப் பார்த்தான். அவளுடைய குரல் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது: 'காலமை துவங்கிப் பின்னேரம் வரைக்கும் நிண்டவர்.' போனை வைத்திருந்தவன் சிரித்தான். மற்றவன் சிரிக்கவில்லை. வெளியே எட்டிப் பார்த்தான்.

துறையடியில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. படம் வந்த நாளிலிருந்து எல்லோரும் திறப்பைக் கழற்றிக்கொண்டு போகத் தொடங்கிவிட்டார்கள். சிலதுக்குச் சங்கிலியும் போட்டிருந்தது. பச்சை நிறத்தது மட்டும் முந்திமாதிரித் திறப்போடு நின்றது. டிலான் கடலுக்குப் போயிருந்தான். வாசிகசாலையில் அந்த ஒரு சொல்லைச் சொன்ன நாளிலிருந்து அவள் அதைத் தொட்டதில்லை. பொதி எவ்வளவு கனமென்றாலும் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

அவள் கடை வாசலைத் தாண்டி நேரே அதனடிக்குப் போனாள். கைப்பையை முன்னால் கொழுவினாள். ஒரே உதையில் கிளம்பியது.

"அந்தா," என்றார் தம்பு அண்ணை, "அதுதான் பிள்ளை."

படகால் இறங்கியவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இரண்டு பேரும் பார்த்தார்கள். நாளைக்கு இது தாயின் காதுக்குப் போகும், சுவிசுக்கும் போகும். போகத்தான் வேண்டும், கதை பழசாகிவிட்டால் ஆட்கள் வேறு காரணம் தேடத் தொடங்குவார்கள். அவள் வேகமாக ஓட்டவில்லை. எல்லோரும் வடிவாகப் பார்க்கட்டும் என்று கடைக்கு முன்னால் மெதுவாகவே ஓட்டிக்கொண்டு போனாள்.